கடை அத்தாவுடையது, ஓ.டி.பி. யாருடையது?



திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது என்று நம் மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே பதில் வரும்: அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தொழுகையையோ நோன்பையோ பற்றி அது பேசவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. தவணை வைத்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளச் சொல்கிறான் அல்லாஹ். எழுதத் தெரிந்தவர் நீதியாக எழுத வேண்டும், எழுதித் தர மறுக்கக் கூடாது. எழுதப்பட வேண்டிய சொல்லைக் கடன் பொறுப்பை ஏற்பவரே தன் வாயால் சொல்ல வேண்டும். அவருக்கு இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிறிய தொகைதானே என்று சலித்துக்கொள்ளக் கூடாது. எழுதியவருக்கும் சாட்சிக்கும் தொல்லை தரக் கூடாது என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

இந்த வசனத்தைக் கடன் பத்திரத்தோடு நாம் நிறுத்திவிடுவது வழக்கம். இந்த மாதப் பாடத்தில் அதை நம் கடைவீதிக்கும் தறிக்குடோனுக்கும் கொண்டுவந்து பார்க்க விரும்புகிறோம். ஏனென்றால் இன்று வியாபாரத்தின் எழுத்தெல்லாம் கைபேசிக்குள் போய்விட்டது. கடை நடத்துபவர் ஒருவர், அவருக்காக எழுதுபவர் வேறொருவர் என்ற பழைய நிலை மறுபடியும் வந்திருக்கிறது.

எண்ணிமப் பிளவு என்று பத்திரிகைகள் எழுதும்போது போன் இல்லாதவர், இணையம் இல்லாதவர் என்ற படம்தான் மனதில் வருகிறது. சோமனூரிலோ கருமத்தம்பட்டியிலோ அந்தப் படம் பொருந்தாது. 2016இல் யு.பி.ஐ. வந்தது, அதே ஆண்டு நவம்பர் 8 அன்று பழைய நோட்டுகள் செல்லாமல் போயின, பின்பு கொரோனா வந்தது. இன்று இறைச்சிக் கடை, பிரியாணிக் கடை, தையல் கடை, பழைய இரும்புக் கடை எங்கு போனாலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. கொய்யாப்பழத் தள்ளுவண்டியிலும் இருக்கிறது. பணம் வந்ததும் தமிழிலேயே சத்தம் போட்டுச் சொல்லும் பெட்டியும் வந்துவிட்டது. ஆகவே நம்மிடம் கருவி இருக்கிறது. அந்தக் கருவிக்குள் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்கும்போதுதான் பிளவு தெரிகிறது.

கல்வி உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களின் காகிதங்களைப் புரட்டும்போது திரும்பத் திரும்ப ஒரே காட்சியைக் காண்கிறோம். கடை அத்தாவுடையது, க்யூஆர் அட்டை மூத்த மகனின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. உத்யம் சான்றிதழ் எடுத்திருக்கிறார்கள், அதில் கொடுத்த கைபேசி எண் பிரவுசிங் சென்டர்காரருடையது. ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது, ஓ.டி.பி. கணக்கு எழுதுபவருக்குப் போகிறது. தறிக்கான மின் இணைப்பு மறைந்துபோன பாட்டனார் பெயரிலேயே ஓடுகிறது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்று 2023இல் அரசு உயர்த்தித் தந்த சலுகையும் அந்தப் பெயரில்தான் வந்துகொண்டிருக்கிறது. முப்பது வருடம் கடை நடத்திய மனிதரின் பெயர் எந்தத் திரையிலும் இல்லை!

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நாம் நினைக்கவில்லை. அத்தாவுக்கு ஆங்கிலப் படிவம் புரியவில்லை, மகன் கையில் நல்ல போன் இருந்தது, அன்றைக்கு அது சுலபமாக இருந்தது. சுலபமாகச் செய்ததன் விலை பிறகுதான் தெரிகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தகப்பனார் வஃபாத் ஆன மறுவாரமே கடையைத் திறக்க வேண்டிய நிலை. வீட்டில் இத்தாவில் இருக்கும் தாய், கடையில் இளைய மகன். வாடிக்கையாளர் செலுத்திய பணமெல்லாம் வெளிநாட்டில் வேலைக்குப் போன மூத்தவரின் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது. கடைக்கும் அந்தக் கணக்குக்கும் உள்ள தொடர்பைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சரக்கு வாங்கவும் கூலி கொடுக்கவும் தம்பி அண்ணனை அழைத்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சில மாதங்களில் இந்த வியாபாரமே என் பணத்தில் நடந்ததுதானே என்று அண்ணன் கேட்டார். கணக்கைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. அதே வீட்டில் திருமணமாகிப் போன இரண்டு சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய மீராஸ் பங்கு எதிலிருந்து பிரிக்கப்படும்?

அல்லாஹ் பின்னமாகக் கணக்கிட்டுத் தந்த பாகங்களை நாம் தெரிந்தே மறுக்க மாட்டோம். ஆனால் தகப்பனுடைய வியாபாரத்தை வருடக்கணக்கில் மகனுடைய கணக்கில் எழுதிவைத்தால், பங்கு வைக்கும் நாளில் பங்கு வைக்க எதுவும் இருக்காது. பெண் பிள்ளைகள்தான் முதலில் இழப்பார்கள், அவர்கள் வாய் திறந்து கேட்பதும் அரிது. இந்த விஷயத்தில் நாம் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறோம்: பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே கடையின் பணம் கடை உரிமையாளரின் கணக்குக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். உண்மையாகவே மகனும் முதல் போட்டிருந்தால் பங்கு எவ்வளவு என்று இரண்டு சாட்சியோடு எழுதி வையுங்கள். வங்கியில் நாமினி பெயர் கொடுத்திருக்கிறோமே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ள நியமிக்கப்பட்டவர். அதனாலேயே அந்தப் பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது, வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கிறது. நம் நாட்டு நீதிமன்றங்களும் இதைத்தான் சொல்லியிருக்கின்றன.

ஜகாத்துக்கும் இது பொருந்தும். கடையில் உள்ள சரக்கு, கையிருப்பு, வரவேண்டிய பாக்கி என எல்லாவற்றையும் கூட்டித்தான் இரண்டரை சதவீதம் பார்க்க வேண்டும். வீட்டுச் செலவும் கடை வரவும் தம்பியின் படிப்புப் பணமும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால் ரமளானில் உட்கார்ந்து யூகம்தான் செய்ய முடியும்.

இனி தறிக்கு வருவோம். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் லட்சக்கணக்கான விசைத்தறிகள் ஓடுகின்றன, அவற்றில் பெரும்பகுதி கூலிக்கு நெய்பவை. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் தருவார், தறிக்காரர் காடா துணியாக நெய்து மீட்டர் கணக்கில் கூலி வாங்குவார். கூலி உயர்வுக்காக 2022இலும் 2025இலும் இந்தப் பகுதியே நின்றதை நாம் மறக்கவில்லை. 2025 மார்ச்சில் தொடங்கிய போராட்டத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் தறிச் சத்தம் கேட்கவில்லை. டீக்கடை முதல் மளிகை வரை எல்லோர் கல்லாவும் காய்ந்தது. பேசி முடித்த கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. வாய்ப்பேச்சில் முடிந்த ஒப்பந்தம் நிற்பதில்லை என்று பட்டு அறிந்தவர்களின் கோரிக்கை அது.

கூலித் தறிக்காரருக்கும் சிறு உற்பத்தியாளருக்கும் சாதகமான ஒரு சட்டம் 2006 முதலே இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் என்பது அதன் பெயர். குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ வேலையோ பெற்றவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி எக்காரணம் கொண்டும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தே இல்லை என்றால் 15 நாள். தராவிட்டால் மத்திய அரசின் இணையதளம் வழியாக முறையிடலாம். சமாதான் என்ற தளம் இதற்காக 2017இல் தொடங்கப்பட்டது. முறையீடு விசாரணை மன்றத்துக்குப் போகும், கோவைக்கும் அப்படி ஒரு மன்றம் உண்டு. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. இந்தக் கெடுவுக்குள் பணம் தராத வியாபாரி, அந்தத் தொகையை உண்மையில் கொடுத்து முடிக்கும் வருடம் வரை தன் செலவாகக் காட்ட முடியாது. ஆகவே பெரிய வியாபாரிகளின் ஆடிட்டர்களே இப்போது உங்களிடம் உத்யம் எண் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

தாமதமான தொகைக்கு வட்டியும் சட்டம் சொல்கிறது. நாம் கேட்பது நம் உழைப்பின் அசலை. வட்டி விஷயத்தில் ஹஜ்ரத்மார்களைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

இந்த உரிமை கிடைக்க இரண்டு எழுத்து வேண்டும். ஒன்று, வேலை கொடுத்ததற்கும் துணி போய்ச் சேர்ந்ததற்கும் பில் அல்லது சீட்டு. மற்றொன்று உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவுக்கு அரசு ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. ஆதாரும் பான் அட்டையும் போதும். பான், ஜி.எஸ்.டி. எதுவும் இல்லாத மிகச் சிறு தொழிலுக்கு உத்யம் அசிஸ்ட் என்ற தனி வழி 2023இல் திறக்கப்பட்டது. ஆனால் தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் சில தனியார் தளங்கள் அரசுத் தளம் போலவே உடுத்திக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் என்று கறந்துவிடுகின்றன. முகவரியின் கடைசியில் அரசுத் தளத்துக்குரிய ‘காவ்.இன்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

பதிவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தொழில் வகை கேட்கும் இடத்தில் அவசரத்தில் ‘வணிகம்’ என்று தட்டிவிடுகிறார்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளையும் 2021 ஜூலையில் உத்யமில் சேர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டும், 45 நாள் பாதுகாப்பு இல்லை. நெய்கிறவர் உற்பத்தியாளர் என்று பதிவாக வேண்டும். தைத்துக் கொடுப்பவரும் அவர் செய்யும் வேலைக்குரிய வகையில் பதிவாக வேண்டும். ஒரே ஒரு கட்டத்தில் தவறான குறி விழுந்ததால் உரிமை கைவிட்டுப் போவதைத்தான் நாம் பிளவு என்கிறோம். பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் பழைய பாக்கிக்கு வழக்கு பலவீனப்படும். வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

சென்ற வருடம் கர்நாடகச் செய்தி வந்ததிலிருந்து நம் கடைக்காரர்கள் பலரிடம் ஒரு பயம். 2025 ஜூலையில் அந்த மாநில வணிகவரித் துறை, யு.பி.ஐ. வரவுகளைக் கூட்டிப் பார்த்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் காய்கறி விற்றவருக்கும் போனது. பெங்களூரில் பல கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு, வரிவிலக்குள்ள பொருள்கள் விற்றவர்களிடம் வரி கேட்கப்படாது என்று அரசு சொல்ல வேண்டிவந்தது. அதைப் பார்த்து, நாமும் கழற்றிவிடலாமா செயலாளர் பாய் என்று கேட்கிறார்கள்.

கழற்ற வேண்டாம் என்பது நம் கருத்து. முதலில் வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் மாநிலத்தில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். நாள் கணக்கில் ஏறக்குறைய 11,000 ரூபாய். சேவை செய்பவருக்கு 20 லட்சம். பிரியாணிக் கடைக்காரர்கள் இங்கே கவனிக்க வேண்டும். உணவகம் சட்டத்தின் பார்வையில் சேவை, ஆகவே உங்கள் வரம்பு 20 லட்சம்தான். நாள் ஒன்றுக்குச் சராசரி 5,500 ரூபாய் வியாபாரம் நடந்தாலே அந்தக் கோட்டுக்கு வந்துவிடுவீர்கள். இரண்டு வெள்ளிக்கிழமையும் ஒரு கல்யாண ஆர்டரும் சேர்ந்தால் அது பெரிய தொகையா? கூலி நெசவும் தையல் கூலியும்கூட ஜி.எஸ்.டி. கணக்கில் சேவைதான். மாறாக, பாக்கெட்டில் அடைக்காத பச்சை இறைச்சி, மீன், காய்கறி, பழம் ஆகியவற்றை மட்டும் விற்பவருக்கு வரி இல்லை, பதிவும் தேவையில்லை. ஆனால் விற்றது என்ன என்று காட்ட வாங்கிய பில் வேண்டும். ஹாவேரியில் நோட்டீஸ் போன இடத்திலும் பிரச்சினை அதுதான்: கணக்கில் தொகை தெரிந்தது, விற்ற பொருள் தெரியவில்லை.

வருமான வரியிலோ வங்கி வழி வரவு நமக்குச் சாதகம். சிறு வியாபாரிகளுக்கான அனுமான வருமான முறையில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதத்தை லாபமாக எடுப்பார்கள், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம்தான். மகனின் சொந்தக் கணக்கில் கடைப் பணம் விழுந்தால் அது மகனுடைய வருமானமா என்ற கேள்வி அவருக்குத்தான் வரும். நாளைக்கு அவர் அரசு வேலைக்கோ வீட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது அது தலைவலி.

கடன் விஷயம். 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, முஸ்லிம் உழைப்பாளர்களில் 61 சதவீதம் பேர் சுயதொழில் செய்பவர்கள், இந்துக்களில் 55 சதவீதம் என்று சொன்னது. வங்கிக் கடனில் நம் பங்கு மக்கள்தொகைக்கேற்ப இல்லை என்றும் சொன்னது. பாரபட்சம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. வட்டியை நினைத்து நாமாக ஒதுங்கியதும் உண்டு. அவற்றோடு ஏடு இல்லாத குறையும் சேர்கிறது. தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் 1999 முதல் இயங்குகிறது, கூட்டுறவு வங்கிகள் வழியாகக் கடன் தருகிறது. அங்கேயும் முதலில் கேட்பது தொழில் செய்ததற்கான ஆதாரம். வட்டியில்லாத கர்ளன் ஹஸனா தரும் பைத்துல்மால்களும் திருப்பித் தரும் சக்தியைப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது, அது மற்றவர்களின் அமானத்துப் பணம். ஏடு இல்லாதவருக்கு மிஞ்சுவது கந்துக்காரரும் ஐந்து நிமிடத்தில் கடன் என்று கூப்பிடும் செயலியும்தான். அந்தச் செயலி வட்டியோடு நிற்காது. போனில் உள்ள பெயர்ப் பட்டியலையும் படங்களையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தை மிரட்டியதால் உயிரை விட்டவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். எந்தக் கடன் செயலிக்கும் தொடர்புப் பட்டியலைத் திறக்க அனுமதி கொடுக்காதீர்கள். மோசடி நடந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். கூடவே ஒன்று: பணம் பெறுவதற்குப் பின் எண் எப்போதும் தேவைப்படாது. கேட்டால் எதிரில் இருப்பவர் திருடர்.

எழுதித் தருவது யார் என்ற கேள்விக்கு வருவோம். மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் இளைஞரான ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். தமக்கு வரும் கடிதங்களை வாசிக்கவும் பதில் எழுதவும் நம்பகமான ஒருவர் தம்மிடமே இருக்க வேண்டும் என்பது நோக்கம். அரை மாதத்துக்குள் அவர் கற்றுக்கொண்டதாக ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. நம் மஹல்லாவில் பி.காம். படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. படிவமும் உத்யம் படிவமும் இவர்களுக்கு அரை மாதப் பாடம்கூட இல்லை. அவர்கள் எழுதும்போது கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் என்ன பொருள் என்று கேட்டு, தானே பதில் சொல்ல வேண்டும். வசனத்தின் ஒழுங்கும் அதுதானே. எழுதித் தருபவரைத் திட்டாதீர்கள், இரவு பதினொரு மணிக்கு எழுப்பாதீர்கள். கணக்கு எழுதுபவருக்கு உரிய கூலியையும் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

இந்த ஏற்பாட்டை நம் அலுவலகத்தில் தொடங்கியிருக்கிறோம். ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் மஃக்ரிப் வரை ஆண்களுக்கு. காலை 10 மணி முதல் லுஹர் வரை பெண்களுக்கு, மதரஸா அறையில், நம் பெண் பிள்ளைகளே இருந்து செய்து தருவார்கள். வீட்டில் தைப்பவர்களும் மசாலா அரைத்து விற்பவர்களும் கணவரின் எண்ணை எழுதிக்கொண்டு வர வேண்டாம், தங்கள் ஆதாரில் தங்கள் எண்ணைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். எண் இணைக்கப்படவில்லை என்றால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய்வருவது நல்லது. கட்டணம் எதுவும் இல்லை.

வரும்போது ஆதார், பான், வங்கிப் புத்தகம், மின் கட்டண ரசீது, பழைய உத்யம் அல்லது ஜி.எஸ்.டி. சான்றிதழ் இருந்தால் அதன் நகல், ஓ.டி.பி. வரும் போன் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே வேறொருவர் எண்ணில் பதிவாகியிருந்தால் பயப்பட வேண்டாம். உத்யம் விவரத்தைத் திருத்தலாம். ஜி.எஸ்.டி. கணக்கின் எண்ணை உள்ளே நுழைந்து மாற்ற வழியில்லாவிட்டால் நம் எல்லைக்குரிய வரி அலுவலரிடம் மனுக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், மனுவை நாம் எழுதித் தருகிறோம். எங்களிடம் ஓ.டி.பி.யைச் சொல்ல வேண்டாம், திரையில் நீங்களே தட்டுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்களும் வரலாம். இணையம் இல்லாத போனிலும் யு.பி.ஐ. இயங்கும் 123பே முறை 2022 மார்ச் முதல் இருக்கிறது, அதையும் சொல்லித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.